1950-க்கு முன் உங்கள் தாத்தா எங்கே இருந்தார்? - இடுக்கித் தமிழர்களை விடாது துரத்தும் கேள்வி

புதுதில்லி: மலைத்தோட்டத்துத் தேவாலயம் ஒன்றில் தொழிலாளர் குடும்பங்களின் ஞானஸ்நானத்தையும் நல்லடக்கத்தையும் குறித்து வைத்த பழைய பதிவேடு, ஒருநாள் உச்ச நீதிமன்றத்தின் கதவு வரை வரும் என்று அதை எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் தொகுதி வழக்கில் அதுதான் நடந்தது.

தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதியான தேவிகுளத்தில், 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஏ. ராஜா 7,848 வாக்குகள் வித்தியாசத்தில் காங்கிரஸ் வேட்பாளர் டி. குமாரைத் தோற்கடித்தார். தமிழில் உறுதிமொழி ஏற்றுக்கொண்டவர் ராஜா. அவர் கேரளத்தின் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறும் சாதியைச் சேர்ந்தவர் அல்லர் எனக் குமார் தொடுத்த வழக்கில், 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம், 2025 மே 6 அன்று அத்தீர்ப்பை ரத்து செய்து ராஜாவின் வெற்றியை உறுதிப்படுத்தியது.

வழக்கில் இரண்டு கேள்விகள் எழுந்தன. ஒன்று, மதம் பற்றியது. மற்றொன்று, அவருடைய முன்னோர் தமிழகத்திலிருந்து எந்த ஆண்டில் மலையேறினார்கள் என்பது. முதல் கேள்வி ஒரு தனிமனிதரைப் பற்றியது. இரண்டாவது கேள்வியோ தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தாழ்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் அனைத்தின் வாசலிலும் நிற்பது. சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி, சாதிச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் செல்லும் பள்ளி மாணவியிடமும் கேட்கப்படுகிறது. அவருக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடத்த யாரும் இல்லை என்பதுதான் வேறுபாடு.

சட்டம் சொல்வது என்ன?

அரசியல் சாசனத்தின் 341-வது பிரிவின்படி, தாழ்த்தப்பட்டோர் பட்டியலைக் குடியரசுத் தலைவர் மாநிலவாரியாக அறிவிக்கிறார். முதல் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. ஒருவர் எந்த மாநிலத்தின் பட்டியலில் வருகிறார் என்பதை, அந்த ஆணை வெளியான நாளில் அவரது நிரந்தர வசிப்பிடம் எங்கே இருந்தது என்பதே தீர்மானிக்கிறது. அதன் பின்னர் பிறந்தவர்களுக்கு, அந்நாளில் பெற்றோர் எங்கே வசித்தார்கள் என்பது அளவுகோல். 1977-இல் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இதைத் தெளிவுபடுத்தியது.

ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவராக இருப்பவர், வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது அந்தத் தகுதியை உடன் எடுத்துச் செல்ல முடியாது என்று 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2018 ஆகஸ்ட் 30 அன்று பீர் சிங் வழக்கிலும் இந்நிலை உறுதி செய்யப்பட்டது. பறையர், பள்ளர், சக்கிலியர் ஆகிய பெயர்கள் தமிழகப் பட்டியலிலும் உண்டு, கேரளப் பட்டியலிலும் உண்டு. ஆயினும், பெயர் இரண்டு பட்டியலிலும் இருப்பது மட்டும் போதாது. குடும்பம் 1950-க்கு முன்னரே மலைக்கு வந்துவிட்டதா என்பதை ஆவணத்தால் காட்ட வேண்டும்.

இன்று கல்லூரியில் சேர விரும்பும் இளைஞருக்கு 1950 என்பது தாத்தாவின் காலம். பல குடும்பங்களில் கொள்ளுத்தாத்தாவின் காலம். சான்றிதழ் கிடைக்காவிட்டால் கல்வி உதவித்தொகை, இடஒதுக்கீடு, அரசுப் பணி, தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமை ஆகிய அனைத்தும் கைநழுவிப் போகின்றன. தமிழகத்துக்குத் திரும்பிச் சென்று கேட்டால், 'நீங்கள் கேரளவாசி' என்ற பதில் காத்திருக்கிறது. ஒரு மாநிலம் 'வந்தவர்' என்கிறது. மற்றொரு மாநிலம் 'போனவர்' என்கிறது.

காகிதம் பிறக்கும் முன் பிறந்த கெடு நாள்

குடும்ப வரலாறு தேடுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இடுக்கியில் அது உரிமைப் பிரச்சினை. அங்கே அதைத் தேடுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதைத் தோட்டங்களின் வரலாறே விளக்குகிறது.

1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்றதிலிருந்து மூணாறு பகுதியில் தோட்டப் பயிர்களின் காலம் தொடங்கியது. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து வந்தனர். போடியிலிருந்து குரங்கணி வழியாகத் தேயிலை மலைக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலமலைக்கும் மக்கள் நடந்தே ஏறினர். அன்றைய எல்லையில் கடவுச்சீட்டும் இல்லை, கையொப்பமும் இல்லை. கங்காணி முன்பணம் கொடுத்தார், கணக்கு வைத்துக்கொண்டார். அந்தக் கணக்குதான் பல குடும்பங்களின் முதல் ஆவணம். கங்காணியின் நோட்டுப் புத்தகம் அவருடனேயே மறைந்துபோனது.

தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் தொழிலாளி ஓர் எண்ணாகவே இருந்தார். ஊரும் தந்தை பெயரும் எப்போதும் எழுதப்படவில்லை. ஒரே லயத்தில் நான்கு மாரியம்மாள்கள் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டியது அந்த எண் மட்டுமே.

தொழிலாளர்களின் வீடு, மருத்துவம் முதலியவற்றுக்கு நிர்வாகத்தைச் சட்டப்படி பொறுப்பாக்கிய தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951-இல். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது 1952-இல். அது தோட்டங்களுக்கு விரிவடைந்தது 1957-இல். பிறப்பு, இறப்புப் பதிவுக்கான நாடு தழுவிய சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதாவது, தொழிலாளியின் பெயரை முறையாக எழுதிவைக்கும்படி நிர்வாகத்தையும் அரசையும் கட்டாயப்படுத்திய சட்டங்கள் அனைத்தும் 1950-க்குப் பின்னரே வந்தன. காகிதம் பிறக்கும் முன்பே கெடு நாள் பிறந்துவிட்டது. எழுதப்படாததற்குத் தொழிலாளி பொறுப்பல்ல. ஆனால், எழுதப்பட்டதைக் கொண்டுவரும் பொறுப்பு மட்டும் அவர் தலையில் விழுகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமே என்று தோன்றலாம். 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் 15-வது பிரிவு, தனிநபர் விவரங்களைப் பார்வையிட அனுமதிப்பதில்லை. அவற்றை நீதிமன்றத்தில் சான்றாகவும் ஏற்பதில்லை. எஞ்சியிருப்பவை தேவாலயப் பதிவேடுகள், தோட்ட மருத்துவமனைக் குறிப்புகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தொழிற்சங்க உறுப்பினர் பட்டியல்கள் ஆகியவையே.

இவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தோர் மட்டுமே தாழ்த்தப்பட்டோராகக் கருதப்படுவர். எனவே, ஒரு குடும்பம் 1950-க்கு முன் மலையில் இருந்ததற்குச் சான்றாகும் தேவாலயப் பதிவேடு, அதே குடும்பம் மதம் மாறியது என்பதற்கும் சான்றாக எதிர்த்தரப்பால் நீட்டப்படலாம். தேவிகுளம் வழக்கில் தேவாலயப் பதிவேடுகளும் அவற்றில் இருந்த திருத்தங்களும் விரிவாக விவாதிக்கப்பட்டதை இங்கே நினைவுகூர வேண்டும்.

'மிதக்கும் மக்கள்' என்ற பழைய வாதம்

மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954-இல் மூணாறு பகுதியில் அந்தப் போராட்டம் உச்சத்தை எட்டியது. நேசமணி கைது செய்யப்பட்டார். 'அங்கிருக்கும் தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகும் மிதக்கும் மக்கள். அவர்களை வைத்து எல்லையைத் தீர்மானிக்கக் கூடாது' என்பது மலையாளத் தரப்பின் முக்கிய வாதம். 1955-இல் அறிக்கை அளித்த பஸல் அலி ஆணையம், அவ்விரு வட்டங்களையும் கேரளத்துடன் சேர்க்கவே பரிந்துரைத்தது.

அதே காலத்தில், பட்டம் தாணுப்பிள்ளை அரசு உடும்பஞ்சோலைப் பகுதியில் கல்லாறு, நெடுங்கண்டம் முதலிய இடங்களில் சமவெளி விவசாயிகளைக் குடியேற்றியது. அந்தக் குடியேற்றம் இன்றும் அவர் பெயரால் பட்டம் காலனி என்றே அழைக்கப்படுகிறது. மொழி விகிதத்தை மாற்றுவதே அதன் நோக்கம் என்பது தமிழர் தரப்பின் நெடுநாளைய குற்றச்சாட்டு. உணவுப் பற்றாக்குறையைப் போக்கவே குடியேற்றம் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். எதுவானாலும், நிலம் ஒதுக்கப்பட்டவர்களின் பெயர் அரசுக் கோப்பில் ஏறியது. அவர்களுக்கு முன்பே வந்து லயத்தில் வாழ்ந்தவர்களின் பெயர் அப்படி ஏறவில்லை.

ஏழு பதிற்றாண்டுகள் கடந்தும், 'மிதக்கும் மக்கள்' என்ற சொல்லின் நிழல் விலகவில்லை. அன்று எல்லை வகுக்க மறுக்கப்பட்ட நிலைத்தன்மையை, இன்று சான்றிதழ் பெறுவதற்காக நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு இந்தச் சிக்கலின் மற்றொரு முகம் தெரியும். தேனி மாவட்டத்துப் பெண்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி, ஏலத் தோட்டங்களில் காயெடுத்துவிட்டு மாலையில் இறங்குகிறார்கள். இவர்கள் தமிழகவாசிகள். 1956-க்குப் பின் வந்து மலையிலேயே தங்கியவர்கள் ஒரு பிரிவு. மூன்று, நான்கு தலைமுறைகளாக லயங்களில் வாழ்வோர் வேறொரு பிரிவு. மூவரும் பேசுவது ஒரே தமிழ். செய்வது ஒரே வேலை. ஆவணம் இல்லாத நிலையில் அலுவலர் கண்ணுக்கு மூவரும் ஒருவரே. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு விவகாரம் கொதித்தபோது, எல்லையோரத் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்குதலுக்கு அஞ்சித் தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தனர். அப்போதும் அவர் யார், எத்தனை தலைமுறையாக அங்கே வாழ்கிறார் என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

2025 அக்டோபரில் தேர்தல் ஆணையம் கேரளம், தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் அறிவித்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலோடு இணைத்துக் காட்டும்படி ஒவ்வொரு வாக்காளரையும் கேட்டது. நாடு முழுவதும் பலர் முதன்முறையாகச் சந்தித்த அந்த அனுபவம், இடுக்கித் தமிழர்களுக்குப் புதியதல்ல.

மொரீஷியஸுக்கு ஏழு தலைமுறை

கடல் கடந்து போன தமிழர்களின் நிலை, முரண்பாடாக, இதைவிட மேலானது. ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் சென்றவர்களின் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், வயது, அங்க அடையாளம் ஆகியவற்றை அன்றைய ஆங்கிலேய அரசு எழுதிவைத்தது. பின்னர் புகைப்படமும் எடுத்தது. அந்தப் பதிவேடுகள் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1860-இல் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கப்பல் பட்டியல்களும் இருக்கின்றன. கூலியை ஒப்பந்தத்தில் பிணைத்து வைக்கவே அந்தக் கணக்கு எழுதப்பட்டது. ஆனால், அதுவே இன்று பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது.

2024 மார்ச் மாதம் மொரீஷியஸ் சென்ற குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, அங்குள்ள இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை பெற வழிசெய்யும் சிறப்பு ஏற்பாட்டை அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. கடல் கடந்த உறவை ஏழு தலைமுறை வரை தேடிச் சென்று அங்கீகரிக்கும் புதுதில்லி, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்த உறவை மூன்று தலைமுறைக்கு அங்கீகரிக்கவும் ஒரு வழி காண வேண்டாமா?

கங்காணி முறையில் போனவர்களின் கதி எப்படியிருக்கும் என்பதற்கு இலங்கை மலையகமே சாட்சி. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கக் கோரியது. ஆவணமில்லாத லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். அடுத்து வந்த 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1.34 லட்சம் பேர் மட்டுமே. 1964-இல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்தின் புனலூர், கவி தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர்.

அந்தக் கதை முடிந்த விதம் கவனத்துக்குரியது. 2003-இல் இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பழைய காகிதத்துக்குப் பதிலாக உறுதிமொழிப் பத்திரம் போதும் என்றாயிற்று. தோட்டந்தோறும் நடமாடும் முகாம்கள் அமைக்கப்பட்டன. தன்னார்வலர்கள் படிவங்களை நிரப்பிக் கொடுத்தனர். சில நாள்களிலேயே சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றதாக ஐ.நா. அகதிகள் ஆணையம் தெரிவித்தது.

தன்னார்வலர் செய்யக்கூடியது

ஆவணம் திரட்டும் பணியை அரசு தொடங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கும் இலங்கையில் எடுத்துக்காட்டு உண்டு. கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம், கம்பளை அருகே பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அமைத்தது. 2005-இல் தன்னார்வலர்களின் உழைப்பால் தொடங்கிய நூலகம் நிறுவனம், மலையக ஆவணங்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது.

இடுக்கியின் எல்லையோர ஊர்களுக்கும் இத்தகைய குடும்ப வரலாற்று மையம் தேவை. சில இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு வழக்கறிஞர், நகலெடுக்கும் கருவி ஆகியவை இருந்தால் போதும். முதல் வேலை, உயிரோடிருக்கும் மூத்தவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வது. எந்த ஊர், எந்தக் கங்காணி, எந்தத் தோட்டம், எந்த லயம், 1924 வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால், ஆண்டு சொல்லத் தெரியாதவரும் காலத்தைச் சொல்லிவிடுவார். இரண்டாவது, மலைக்கு இந்தப் பக்கமுள்ள பூர்விக ஊரின் பதிவுகளைத் தேடுவது. குலதெய்வக் கோயில் வரிப் பட்டியலில் இன்னார் மலைக்குப் போனவர் என்ற குறிப்பு இருக்கக்கூடும். மூன்றாவது, 1948 பிப்ரவரியில் வயதுவந்தோர் வாக்குரிமை அடிப்படையில் நடந்த திருவிதாங்கூர் பிரதிநிதிகள் சபைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலைத் தேடுவது. 1950-க்கு முன் மலையில் இருந்ததைக் காட்ட அதைவிட வலுவான அரசு ஆவணம் அரிது.

இப்பணியில் கட்டுப்பாடும் வேண்டும். மூல ஆவணத்தில் ஓர் எழுத்தையும் திருத்தக் கூடாது. ஒரே ஒரு திருத்தம் முழுப் பதிவேட்டின் நம்பகத்தன்மையையும் குலைத்துவிடும். சாதி, மதம் பற்றிய விவரங்களைக் குடும்பத்தின் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. 1950-க்குப் பின் வந்த குடும்பத்துக்குப் பொய்யாக ஆண்டு கூட்டிக் கொடுக்கவும் கூடாது. அது உண்மையாகவே முன்பு வந்தவர்களின் கோரிக்கையைப் பாழாக்கும்.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது லயங்களோடு 70 உயிர்கள் புதைந்தன. அந்தக் குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் இருந்த காகிதங்களும் மண்ணோடு போயின. பணி ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டிய நிலையில், ஒவ்வொரு ஓய்விலும் கொஞ்சம் ஆவணம் குப்பைக்குப் போகிறது.

அரசுகளின் கடமை

தன்னார்வலர் திரட்டித் தரலாம். ஏற்றுக்கொள்வது அரசின் கையில் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் வழங்குவதை முறைப்படுத்தக் கேரளத்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. அதன்கீழ் நடக்கும் விசாரணைகளில், தோட்டப் பதிவுகளையும் சரிபார்க்கப்பட்ட வாய்மொழிச் சான்றுகளையும் ஏற்பதற்குத் தெளிவான வழிகாட்டுதல் தேவை. 1950-க்கு முன் இயங்கிய தோட்டங்களின் பழைய பதிவேடுகளைக் கேட்டுப் பெற்று மாநில ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பது கேரள அரசால் முடியக்கூடிய காரியம். பூர்விக ஊர் விவரங்களைத் தேடித் தருவதில் தேனி, திருநெல்வேலி, தென்காசி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகங்கள் துணை நிற்கலாம். தமிழகக் கட்சிகள் எல்லைப் பிரச்சினையை எழுப்பும் ஆர்வத்தில் ஒரு பங்கையாவது இதற்குக் காட்டலாம்.

மத்திய அரசுக்கும் பொறுப்பு உண்டு. 1950 ஆகஸ்ட் 10 என்ற நாளை மாற்றாமலேயே, அந்நாளில் தோட்ட லயங்களில் வாழ்ந்ததற்கு எவையெல்லாம் சான்றாகும் என்பதை ஒரு சுற்றறிக்கையால் விளக்க முடியும். 1977-இல் ஒரு சுற்றறிக்கை எழுதிய அமைச்சகத்துக்கு இன்னொன்று எழுதுவது கடினமல்ல.

தேவிகுளம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருவருக்கு விடை சொல்லிவிட்டது. அடுத்த கல்வியாண்டில் விண்ணப்பப் படிவத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கப்போகும் மாணவர்களுக்கு, 'உங்கள் தாத்தா எப்போது வந்தார்?' என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. அதற்கு விடை தெரிந்த கடைசித் தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.